பாசிக்குப் பயந்து செடியைப் பட்டினி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பின் கேள்வி-பதில் பகுதியில், செடிகள் வைத்த நன்னீர் மீன்தொட்டியில் என்ன செய்தும் போகாத பாசியைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதற்கு வந்த பதிலைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். உரம் போடுவதை அடியோடு நிறுத்துங்கள், ஃபில்டரைக் குழாயடியில் வைத்துப் பளிச்சென்று கழுவுங்கள், அப்புறமும் பாசி போகாவிட்டால் காப்பர் கலந்த பாசிக்கொல்லியை ஊற்றுங்கள் என்று பதில் சொல்லியிருந்தது. விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செடியே இல்லாத தொட்டிக்கு இந்த யோசனை பாதி தப்பு, செடி வைத்த தொட்டிக்கு முழுத் தப்பு. பல வருஷமாகச் செடித்தொட்டி வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி நடத்தப்பட்ட தொட்டிகளை நேரில் பார்த்திருக்கிறேன். செடிகள் ஒவ்வொன்றாகக் கரைந்து போயிருக்கும், பாசி மட்டும் செழிப்பாக இருக்கும்.

உரத்தை நிறுத்தச் சொல்லும் எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. ஏரி குளங்களில் பாஸ்பரஸ் சேர்ந்தால் தண்ணீர் பச்சையாகிவிடும் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 226 என்று எண் கொடுக்கப்பட்ட ஓர் ஏரியை, டேவிட் ஷிண்ட்லரின் குழு 1973இல் நடுவே பிளாஸ்டிக் திரை கட்டி இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்குக் கார்பனும் நைட்ரஜனும், இன்னொரு பாதிக்கு அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் விழுந்த பாதி பச்சைப் பசேலென்று மாறியது, மற்றது தெளிவாகவே இருந்தது. மேலிருந்து எடுத்த அந்தப் படம் பல நாடுகளில் சோப்புத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று வாதாடியவர்களுக்குப் பெரிய ஆயுதமாக இருந்தது. ஆனால் அது திறந்த நீர், அங்கே மிதக்கும் பாசிதான் ராஜா. ஆழமில்லாத, அடிமுழுக்கச் செடி மண்டிய ஏரிகளின் கதை வேறு. நெதர்லாந்தின் மார்ட்டன் ஷெஃபர் போன்றவர்கள் அத்தகைய ஏரிகளை ஆராய்ந்து, ஒரே அளவு சத்து இருக்கும்போதே ஏரி செடிகளோடு தெளிவாகவும் இருக்கலாம், பாசியோடு கலங்கியும் இருக்கலாம், எது முதலில் இடம் பிடித்ததோ அது தன் நிலையைத் தக்கவைத்துக்கொள்கிறது என்று விளக்கியிருக்கிறார்கள். நம் செடித்தொட்டி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதில் சத்தைக் குறைத்தால் முதலில் இடத்தைப் பறிகொடுப்பது செடிதான்.

மீன்தொட்டிக்காரர்களுக்குள்ளேயே இந்த வாதம் நடந்து முடிந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1996இல் பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்ற இருவர், பாஸ்பேட்டை மட்டும் பற்றாக்குறையாக வைத்துக்கொண்டு மற்றச் சத்துகளைத் தாராளமாகக் கொடுத்தால் பாசி அடங்கும் என்று எழுதினார்கள். கவனியுங்கள், அவர்கள்கூட உரத்தை நிறுத்தச் சொல்லவில்லை, நைட்ரேட்டும் பொட்டாசியமும் நுண்சத்துகளும் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அதற்கப்புறம் டாம் பார் என்பவர் பாஸ்பேட்டையும் வேண்டுமென்றே சேர்த்துப் பார்த்தார். செடி அடர்ந்து, கார்பன் டை ஆக்சைடு போதுமான அளவு இருந்த தொட்டிகளில் பாசி வரவில்லை, செடிகள் முன்பைவிட நன்றாக வளர்ந்தன. அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான் எல்லாச் சத்தையும் தாராளமாகப் போட்டுவிட்டு வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றும் முறை. இன்று உலகம் முழுக்கப் பல பேர் அப்படித்தான் தொட்டி நடத்துகிறார்கள். ஆக, சத்து இருந்தாலே பாசி வரும் என்பது உண்மையாக இருந்தால் அந்தத் தொட்டிகள் எல்லாம் பாசிக் குட்டையாக இருக்க வேண்டும்.

பட்டினி போட்டால் ஏன் செடி தோற்கிறது? பாசி நுண்ணியது. ஒரு செல் அல்லது சில செல்கள், உடம்பு முழுக்கத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நம் வீட்டு டெஸ்ட் கிட் பூஜ்யம் என்று காட்டும் தண்ணீரில்கூட அதற்கு வேண்டிய அளவு கிடைத்துவிடும், மீன் போடும் கழிவே போதும். செடிக்கு அப்படி இல்லை, இலை, தண்டு, வேர் என்று ஓர் உடம்பைக் கட்ட வேண்டும். வெளிச்சத்தைக் கொட்டிவிட்டுச் சத்தை நிறுத்துவது, வண்டி மாட்டைச் சாட்டையால் விரட்டிக்கொண்டே தீவனத்தை நிறுத்துவதற்குச் சமம். மாடு விழுந்துவிடும். செடி விழுவது எப்படி என்றால், பழைய இலைகளில் இருக்கும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உறிஞ்சிப் புது இலைக்கு அனுப்பும், பழைய இலை மஞ்சளாகி ஓரம் கரையும், கரையும் இலையிலிருந்து கரிமப் பொருள்களும் அமோனியாவும் தண்ணீரில் கசியும், அந்த இலை மேலேயே பாசி முதலில் உட்காரும். செடித்தொட்டியில் பாசி எங்கே தொடங்குகிறது என்று கிட்ட நின்று பாருங்கள், புதுத் துளிரில் இருக்காது, அடியில் இருக்கும் வயசான இலையின் ஓரத்தில்தான் இருக்கும்.

இதற்கு நேரடியான சாட்சி கண்ணாடியிலும் அனுபியாஸ் என்ற மெதுவாக வளரும் செடியின் இலையிலும் வரும் பச்சைப் புள்ளிப் பாசி. ஊசிமுனை அளவுப் புள்ளிகளாக, கடினமாக ஒட்டிக்கொண்டு, ஸ்பாஞ்சால் தேய்த்தால் வராது, பிளேடால்தான் சுரண்ட வேண்டும். பாஸ்பேட் குறைவாக இருக்கும் தொட்டியில்தான் இது அதிகம், பாஸ்பேட்டை 1 முதல் 2 பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பது ஒரு பிபிஎம்) வரை ஏற்றிவிட்டால் பெரும்பாலும் புதிதாகப் புள்ளி விழுவது குறைந்துவிடும். பாசியைக் குறைக்கப் பாஸ்பேட் போடுவது என்றால் கேட்பவர்களுக்கு விநோதமாகத்தான் இருக்கும், ஆனால் நடப்பது அதுதான். கணக்கும் சிரமமில்லை. 100 லிட்டர் தண்ணீரில் 1 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் போட்டால் நைட்ரேட் சுமார் 6 பிபிஎம் ஏறும், கூடவே பொட்டாசியம் 4 பிபிஎம் அளவுக்கு வரும். அதே 100 லிட்டரில் 1 கிராம் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் போட்டால் பாஸ்பேட் 7 பிபிஎம் ஏறிவிடும், அதனால் அதை ஒரு சிட்டிகை அளவுக்குத்தான் போட வேண்டும். நைட்ரேட் 10 முதல் 20 பிபிஎம், பாஸ்பேட் 1 முதல் 2, பொட்டாசியம் 10க்கு மேல், இரும்பும் மற்ற நுண்சத்துகளும் கொஞ்சம். சாதாரணச் செடித்தொட்டிக்கு இந்த வட்டாரத்தில் இருந்தால் போதும், தசமப் புள்ளி வரை துல்லியம் தேவையில்லை.

சரி, சத்து காரணம் இல்லை என்றால் பிடிவாதப் பாசிக்கு என்ன காரணம்? பெரும்பாலான தொட்டிகளில் இரண்டே விஷயங்கள்: வெளிச்சம் அதிகம், கார்பன் டை ஆக்சைடு குறைவு அல்லது நிலையில்லாமல் ஏறி இறங்குகிறது. மூன்றாவதாக அழுக்கு.

வெளிச்சத்தை முதலில் தொட வேண்டும், ஏனென்றால் அதற்குக் காசு செலவில்லை, அன்றைக்கே செய்யலாம். மீன் அழகாகத் தெரிய வேண்டும் என்று காலையில் போட்ட விளக்கை இரவு படுக்கப் போகும்போது அணைப்பவர்கள் நிறைய. அது 12 மணி நேரம், 14 மணி நேரம்கூட ஆகிவிடும். இப்போதைய எல்இடி விளக்குகள் பலமானவை, முழு வேகத்தில் வைத்தால் ஆழமில்லாத தொட்டியில் அடிவரை தாக்கும். ஒரு டைமர் வாங்கிப் போட்டு 6 மணி நேரமாகக் குறையுங்கள். மங்கலாக்கும் வசதி இருந்தால் பாதிக்குக் குறையுங்கள், இல்லாவிட்டால் விளக்கைத் தொட்டியிலிருந்து ஒரு சாண் மேலே தூக்குங்கள், அல்லது சால்வினியா மாதிரி மிதக்கும் செடியைக் கொஞ்சம் விடுங்கள், அது நிழலும் தரும், அமோனியாவையும் உறிஞ்சும். ஜன்னல் வெயில் நேராக விழுகிறதா என்றும் பாருங்கள். பாசி அடங்கிச் செடி வேகம் பிடித்த பிறகு வாரத்துக்கு அரைமணி நேரம் கூட்டி 8 மணி நேரம் வரை போகலாம். கார்பன் டை ஆக்சைடு செலுத்தாத தொட்டியில் மங்கலான வெளிச்சத்தோடே நிறுத்திக்கொள்வது நல்லது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் இந்த மூன்றும் அதிலேயே அழகாக இருக்கும், அவற்றுக்குப் போய் ஸ்டேடியம் விளக்கு எதற்கு?

இனி கார்பன் டை ஆக்சைடு. இதைத்தான் உங்கள் பதில் தொடவே இல்லை, எனக்கு இதில்தான் அதிக வருத்தம். செடியின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 40 சதவீதத்துக்கும் மேல் கார்பன். காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு 1 பிபிஎம்முக்கும் குறைவாகத்தான் கரைந்திருக்கும். அதுபோக இந்த வாயு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது, அதனால் இலையைச் சுற்றி அசையாமல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலமே செடிக்கு ஒரு சுவர் மாதிரி ஆகிவிடுகிறது. சிலிண்டர் வைத்து வாயு செலுத்துகிறவர்கள் 30 பிபிஎம் அளவை இலக்காக வைப்பது இதனால்தான். ஆனால் சிலிண்டர் வைத்திருப்பது மட்டும் போதாது. வாயு தொட்டியின் ஒரு மூலையில் குமிழியாகக் கிளம்பி நேராக மேலே போய் உடைந்தால் எதிர் மூலையில் இருக்கும் செடிக்கு ஒன்றும் கிடைக்காது. ஃபில்டரிலிருந்து வரும் நீரோட்டம் அந்தக் குமிழிகளை வாரி எடுத்துத் தொட்டி முழுக்கச் சுற்ற வேண்டும், எல்லாச் செடியின் இலையும் லேசாக ஆடிக்கொண்டிருக்க வேண்டும். ஆடாத மூலை எது என்று பாருங்கள், கருப்புப் பாசி அங்கேதான் இருக்கும்.

விளக்கு எரிய ஆரம்பிக்கும் நேரத்தில் வாயு முழு அளவுக்கு வந்திருக்க வேண்டும், அதற்காக ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் முன்பே வாயுவைத் திறக்க வேண்டும், விளக்கு அணைய ஒரு மணி நேரம் இருக்கும்போது மூடிவிடலாம். அளப்பதற்கு ட்ராப் செக்கர் இருக்கிறது. 4 டிகேஎச் (கார்பனேட் கடினத்தன்மையின் அளவு) கரைசலில் புரோமோதைமால் புளூ என்ற நிறங்காட்டியைக் கலந்து தொட்டிக்குள் தொங்கவிட்டால் நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் சுமார் 30 பிபிஎம், மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து. அது மெதுவாகத்தான் நிறம் மாறும் என்பதால், அவசரப்பட்டு வால்வைத் திருகிக்கொண்டே இருக்கக் கூடாது. பிஎச் அளக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது: ஒரு டம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்து ஒரு நாள் வெளியே வைத்து அளந்த பிஎச்சுக்கும், விளக்கு எரியும்போது தொட்டியில் அளக்கும் பிஎச்சுக்கும் வித்தியாசம் 1 இருந்தால் கார்பன் டை ஆக்சைடு பத்து மடங்கு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து மூச்சு வாங்கினால் யோசிக்கவே வேண்டாம், உடனே வாயுவை மூடிவிட்டுக் காற்றுக்குமிழி போடுங்கள், பாசியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் வாசகர் விவரித்ததைப் பார்த்தால், கட்டையிலும் ஃபில்டர் வாயிலும் இலை ஓரத்திலும் கருப்பாகக் கொத்துக் கொத்தாக, தாடி மயிர் மாதிரி, இழுத்தால் இலையே கிழிந்து வரும் ஆனால் பாசி வராது என்றிருந்தார். அது கருப்புத் தாடிப் பாசி. பார்க்கக் கருப்பாக இருந்தாலும் செம்பாசி வகையைச் சேர்ந்தது. வாயு ஏறி இறங்கும் தொட்டிக்கும், கழிவு சேர்ந்த தொட்டிக்கும் இது வரும். உரத்தை நிறுத்தி இதைப் போக்கியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. மேலே சொன்ன காரணங்களைச் சரிசெய்தபடி, ஏற்கெனவே ஒட்டியிருப்பதை இப்படிப் போக்கலாம். மோசமாகப் பிடித்த இலைகளைத் தண்டோடு வெட்டி எறியுங்கள், அவை இனித் தேறாது. கல், கட்டை மாதிரி வெளியே எடுக்க முடிந்ததை எடுத்து, பாசி மேல் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவிச் சில நிமிடம் வைத்துக் கழுவிவிட்டுத் திரும்பப் போடுங்கள். எடுக்க முடியாததற்குத் தொட்டிக்குள்ளேயே சிரிஞ்சால் அடிக்க வேண்டும். ஃபில்டரை நிறுத்திவிட்டு, நீர் அசைவு நின்றதும், சிரிஞ்சின் நுனியைப் பாசிக் கொத்துக்கு ஒட்டினாற்போல வைத்து மெதுவாக அழுத்துங்கள். கொத்து முழுக்கப் பொடிக் குமிழிகள் பொங்கும். பத்து நிமிடம் கழித்து ஃபில்டரை ஓடவிடலாம். 100 லிட்டருக்கு ஒரு நாளைக்கு 25 மில்லிக்கு மேல் போக வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு மூலை என்று வைத்துக்கொள்ளுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ அந்தக் கருப்பு இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். பச்சையம் அழிந்ததும் உள்ளே ஒளிந்திருந்த சிவப்பு நிறமி வெளியே தெரிகிறது, பாசி செத்ததற்கு அதுதான் அடையாளம். அப்புறம் வெளுத்துச் சாம்பல் நிறமாகும். கருப்பாக இருந்தவரை தொடாத இறால்கள் அப்போது வந்து கொத்தாகப் பிய்த்துத் தின்னும். மாஸ் (moss) வகைச் செடிகளுக்கும் வாலிஸ்னேரியா செடிக்கும் பெராக்சைடு ஆகாது, அவற்றுக்குக் கிட்டே அடிக்காதீர்கள்.

திரவ கார்பன் என்று விற்கிற குளூட்டரால்டிஹைடு வகை மருந்தும் இந்தப் பாசியைக் கொல்லும், ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: குளூட்டரால்டிஹைடு மருத்துவமனைகளில் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படுத்தும் இரசாயனம். தோலிலும் கண்ணிலும் பட்டால் எரியும், ஆவியை முகர்வதும் நல்லதல்ல. புட்டியில் எழுதிய அளவைத் தாண்டினால் மீனும் இறாலும் போய்விடும். சிலிண்டர் வாயுவுக்கு இது மாற்று என்று நினைத்து வாங்குகிறவர்கள்தான் அதிகம், அது சரியில்லை.

மற்றப் பாசிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுத் தொட்டியில் முதல் சில வாரம் வரும் பழுப்புப் பொடி டயாட்டம் என்ற நுண்பாசி, துடைத்துவிட்டுக் காத்திருந்தால் தானாகப் போய்விடும், அதற்கு மருந்து வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். நூல்பாசியைப் பழைய டூத்பிரஷ்ஷைச் செருகிச் சுழற்றி எடுத்தால் கயிறாகத் திரண்டு வரும், வெளிச்சத்தைக் குறைத்து வேகமாக வளரும் தண்டுச் செடிகளைக் கூட்டினால் அடங்கும். கிளாடோஃபோரா என்று ஒன்று உண்டு, கிளை கிளையாக, சொரசொரப்பாக இருக்கும், அதற்குக் கையால் பிடுங்குவதைத் தவிர நல்ல வழியில்லை. அதனுடைய நெருங்கிய உறவுதான் ஜப்பானின் அக்கான் ஏரியில் உருண்டையாக வளரும் மாரிமோ, பலர் அதைப் பாசி என்றே தெரியாமல் ஆசையாகத் தொட்டியில் வைத்து வளர்க்கிறார்கள். தண்ணீரே பச்சையாகிவிட்டால் அது மிதக்கும் ஒரு செல் பாசி, யூவி விளக்கு பொருத்தினால் சில நாளில் தெளியும்.

வழுவழுப்பான நீலப்பச்சைப் படலம் மட்டும் தனி ரகம். அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா என்ற பாக்டீரியா. தோல் உரிவது போலப் பாளமாக உரியும், மண்வாசனை மாதிரி ஒரு கெட்ட வாடை அடிக்கும். முன்கண்ணாடிக்கும் மண்ணுக்கும் நடுவில், வெளிச்சம் படும் பட்டையில் அடிக்கடி ஆரம்பிக்கும், வெளியே அந்தப் பட்டை மேல் கருப்பு டேப் ஒட்டினாலே பாதி அடங்கும். நைட்ரேட் பூஜ்யத்துக்குப் போன, நீரோட்டம் இல்லாத தொட்டிகளில் இதை நிறையப் பார்க்கலாம், இதற்கும் உரத்தை நிறுத்துவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதுதான். குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, பாதித் தண்ணீரை மாற்றி, வாயுவை மூடி, காற்றுக்குமிழி ஓடவிட்டு, தொட்டியைக் கெட்டியான துணியால் மூன்று நான்கு நாள் முழு இருட்டாக மூடுங்கள். நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. திறந்ததும் மறுபடி உறிஞ்சிப் பாதித் தண்ணீரை மாற்றி, நைட்ரேட்டை 10 பிபிஎம்முக்குக் கொண்டுவாருங்கள். எரித்ரோமைசின் மாத்திரையைப் பொடித்துப் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக், அதை எதிர்த்துத் தாங்கும் கிருமிகளை வீட்டுத் தொட்டியில் வளர்த்துச் சாக்கடையில் விட யாருக்கும் உரிமை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

காப்பருக்கு வருகிறேன். உங்கள் பதிலில் உடனடியாகத் திருத்த வேண்டியது இதுதான். காப்பர் பாசியைக் கொல்லும், சந்தேகமில்லை. இறால்களையும் நத்தைகளையும் அதற்கு முன்பே கொன்றுவிடும். மென்மையான தண்ணீரில் அதன் விஷம் இன்னும் கடுமை, மீனுக்கும் தப்பிக்க வழியிருக்காது. மண்ணில் படிந்துகொண்டு பின்னாளிலும் தொல்லை கொடுக்கும். செடிக்கு நுண்சத்தாகத் தேவைப்படும் துளி காப்பர் வேறு, பாசிக்கொல்லியின் அளவு வேறு, அந்த அளவில் பல செடிகளும் தாங்காது. எந்த மருந்தாக இருந்தாலும் சரி, தொட்டி நிறைய இருக்கும் பாசியை ஒரே நாளில் கொன்றால் அத்தனையும் அங்கேயே அழுகும், அழுகும்போது ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு அமோனியாவை விடும், விடிந்து பார்த்தால் மீன் மிதக்கும். அதனால்தான் கையால் எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்த பிறகே எந்தச் சிகிச்சையும் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள்.

ஃபில்டர் விஷயமும் அப்படித்தான். அழுக்கை எடுக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை, கருப்புத் தாடிப் பாசித் தொட்டிகளில் பெரும்பாலும் ஃபில்டர் சேறு கட்டிப் போயிருக்கும். ஆனால் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா வாழ்வது அந்த ஸ்பாஞ்சிலும் ஃபில்டருக்குள் நிரப்பும் மீடியாவிலும்தான். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் அவை செத்துப்போகும், அமோனியா ஏறும், புதுத் தொட்டியின் எல்லாப் பாசியும் திரும்ப வரும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, அதில் ஸ்பாஞ்சை நாலு முறை பிழிந்தால் போதும். ஒரே நாளில் எல்லா மீடியாவையும் தொடாமல் பாதியை இன்று, மீதியைச் சில வாரம் கழித்து என்று வைத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி. வாடிய இலை, மீன் தின்னாமல் விட்ட தீனி, மண் மேல் படிந்த குப்பை, இவற்றை வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது குழாயால் உறிஞ்சிவிட வேண்டும்.

பாசி தின்னும் மீன் என்று கேட்டு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணாடியில் ஒட்டும் சக்கர் மீன் குட்டியாக இருக்கும்போது கொஞ்சம் மேயும், வளர்ந்தால் ஒரு அடியைத் தாண்டும், செடியைப் பிடுங்கும், அதன் கழிவே பாசிக்குத் தீனி. இடம் போதவில்லை என்று அதை ஏரியிலோ ஆற்றிலோ விடுவது பெரும் பாவம், அங்குள்ள மீன்களுக்கு அது எமன். கருப்புத் தாடிப் பாசியைத் தின்பதில் பேர் பெற்றது சயாமீஸ் ஆல்கே ஈட்டர். உடலின் கருப்புக் கோடு வால் துடுப்பின் நுனி வரை போகிறதா என்று பார்த்து வாங்குங்கள், கோடு வாலுக்கு முன்பே நின்றால் அது வேறு மீன். அதுவும் 15 சென்டிமீட்டர் வரை வளரும், சின்னத் தொட்டிக்கு ஆகாது. சின்னத் தொட்டிக்கு அமானோ இறால் நல்ல துணை, மெல்லிய நூல்பாசியைச் சளைக்காமல் மேயும். கண்ணாடிக்கும் கல்லுக்கும் நெரைட் நத்தை, அது வெள்ளை வெள்ளையாக முட்டை ஒட்டும், ஆனால் நன்னீரில் அவை வளர்ந்து பெருகாது. இவை எல்லாம் மிச்சத்தைத் துடைக்கத்தான். 12 மணி நேரம் விளக்கு எரியும் தொட்டியில் எத்தனை இறால் விட்டாலும் பாசி முந்திக்கொள்ளும்.

எத்தனை நாளில் பலன் தெரியும் என்று உங்கள் வாசகர் கேட்டிருந்தார். பாசி பிடித்த பழைய இலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனசு விட்டுப் போகும், அது எப்போதும் சுத்தமாகப் போவதில்லை. மாற்றம் செய்த பிறகு முளைக்கும் புது இலையைப் பாருங்கள். லுட்விஜியா, ரோட்டாலா மாதிரி வேகமான செடிகளில் இரண்டு மூன்று வாரத்தில் தெரிந்துவிடும், அனுபியாஸ் மாதிரி மெதுவானவற்றில் மாதக்கணக்காகும். புது இலை சுத்தமாக வந்தால் வழி சரி, பழையதை வெட்டிக்கொண்டே போகலாம். புது இலையிலும் பாசி ஏறினால் வெளிச்சத்தை இன்னும் குறைத்துவிட்டு, வாயுவையும் நீரோட்டத்தையும் மறுபடி சோதியுங்கள். ஒரே நேரத்தில் நாலு விஷயத்தை மாற்றி, அடுத்த வாரம் அதையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

ஆசிரியருக்கு இரண்டு வேண்டுகோள். காப்பர் பற்றிய திருத்தத்தை அடுத்த இதழிலேயே, பதில் வந்த அதே இடத்தில் போடுங்கள், இறால் வைத்திருப்பவர் யாராவது அதைப் படித்துவிட்டு மருந்து வாங்கக் கிளம்பியிருக்கலாம். அப்புறம், இந்தப் பகுதிக்குக் கேள்வி அனுப்புகிறவர்களிடம் தொட்டியின் கொள்ளளவு, விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது, வாயு செலுத்துகிறார்களா, வாரம் எவ்வளவு தண்ணீர் மாற்றுகிறார்கள், தொட்டி தொடங்கி எத்தனை மாதம் ஆகிறது, பாசியின் கிட்டப் படம் ஒன்று, இவ்வளவையும் கேட்டு வாங்கிய பிறகு பதில் எழுதச் சொல்லுங்கள். இவை தெரியாமல் எந்தப் பாசிக்கும் யாராலும் சரியான யோசனை சொல்ல முடியாது.

இப்படிக்கு,
செடித்தொட்டி வளர்க்கும் ஒரு வாசகன்